எத்திராஜ் ஐயாவின் ஆஹிரி

மலர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வெகுநேரம் பேசினாய். எனக்குப் பாதிகூடக் கேட்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்ததில், அழுகிறாய் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். பின்வீட்டுச் சாவித்திரம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள்: நான் சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பாடுங்க ஐயா" என்று யாரிடமோ பேசுகிறேனாம். அவள் பொய் சொல்லவில்லை. பேசினேன். அடுத்த மாதம் நீ மாப்பிள்ளையோடு கனடாவுக்குப் போகிறாய். அதற்குள் என்னை மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப் போய், மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போவாய். உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மாத்திரை எதை நிறுத்தப்போகிறது என்பது உனக்குத் தெரிய வேண்டும். போனில் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து படி.

நான் மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். வேலை முடிந்து மாகடி ரோட்டில் நடந்து வரும்போதும் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குப் பிறகு ஒரே ஒரு குரல் மட்டும் வந்தால் போதும் என்றிருக்கும். உங்கப்பா கல்யாணமான புதிதில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி ஒன்று வாங்கி வந்தார். சாயங்காலம் ரேடியோவில் கச்சேரி வைப்பார்கள். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. கச்சேரி நடக்கும்போதே பதிவு பண்ணிவிடுவேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும், இயற்றியவர் இன்னார் என்று அறிவிப்பார்கள். அதைச் சின்னச் சீட்டில் எழுதிக் கேசட்டில் ஒட்டுவேன். கொஞ்ச நாளிலேயே ஒன்று கவனித்தேன். திரும்பத் திரும்ப அதே நாலைந்து பெயர்கள்தான் வந்தன. எப்போதாவது ஒரு தடவை, கேள்விப்படாத ஒரு பெயர் வரும். அதற்குப் பிறகு வரவே வராது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் பாட்டுக் கட்டியிருப்பார். மிச்சம் இந்த ஒன்றுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பெரியவர்களைச் சேர்த்து வைக்க ஊரே இருக்கிறது, நான் இவர்களைச் சேர்க்கிறேன் என்று முடிவு பண்ணினேன். உங்கப்பா சிரிப்பார். "உலகத்துல எல்லாரும் தங்கம் சேக்கறாங்க. என் பொண்டாட்டி பேர் தெரியாதவங்களைச் சேக்கறா" என்பார். ஆனாலும் கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டிரங்குப் பெட்டியைக் காலி பண்ணிக் கொடுத்தவரும் அவர்தான்.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அது. புதுக் கேசட் விலை அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சினிமாப் பாட்டுக் கேசட் வாங்கி, அதன்மேல் பதிவு பண்ணிக்கொள்வேன். அப்படி வாங்கியதில் ஒன்றை அழிப்பதற்கு முன் ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் சினிமாப் பாட்டு முடிந்த பிறகு சும்மா இரைந்துகொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். அப்போது ஒரு ஆணின் குரல். சுருதிப்பெட்டி இல்லை, பக்கவாத்தியம் இல்லை. பலகையை விரலால் தட்டும் சத்தம் மட்டும். "விளக்கணைந்த பின்னே வெளிச்சம் எங்கே போச்சு" என்று தொடங்கினார். ராகம் ஆஹிரி. காலையில் ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாடகர்கள் பயப்படுவார்களே, அந்த ராகம். பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் முத்திரையை வைப்பார்கள். இவர் வைத்திருந்தது "போதிவாசன்". ரேடியோவில் ஒரு தடவைகூட நான் கேட்டிராத பெயர். பாட்டின் நடுவில், சரணம் தொடங்கும் இடத்தில் இருமினார். இருமிவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். நான் கையில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

சந்தைக்காரரிடம் போய்க் கேட்டேன். ஜீவனஹள்ளி பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக வந்த சரக்கு என்றார். அடுத்த வாரம் அங்கே போனேன். பாட்டுக் கட்டுகிறவர் யாராவது இந்தப் பக்கம் உண்டா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன், அவர் யோசிக்கவே இல்லை. "பாட்டு எத்திராஜா? இந்தக் கல்லியில நேராப் போங்கம்மா. இருமல் சத்தம் எங்க கேக்குதோ அதான் வூடு" என்றார். அப்படியேதான் கண்டுபிடித்தேன். எத்திராஜ் ஐயா தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். கல்தூசி நுரையீரலில் இறங்கி, வேலையை விட்டு வந்துவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகள் வசந்தா கார்மெண்ட் கம்பெனியில் தையல் வேலை செய்து அவரைப் பார்த்துக்கொண்டாள். சுவரில் ஒரு புத்தர் படம், ஒரு காலண்டர். அவ்வளவுதான் வீடு. கேசட்டைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டு அவர் வெட்கப்பட்டார். "இத்தத் தேடிக்கினா வந்தே?" என்றார். தங்கவயலில் அவர்களுக்குப் பௌத்த சங்கம் ஒன்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை கும்பிடக் கூடுவார்களாம். "பாட்டு வேணும்னாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கோயிலுக்கு வெளிய நின்னு கேட்ட நாயனமும், நாடகக்காரர் சொல்லிக்குடுத்த கீர்த்தனையும். எல்லாம் சாமி பாட்டு. சங்கத்துல அத்தப் பாட முடியுமா? அதான் நானே கட்டிக்கினேன்" என்றார். ஆஹிரி பாடினால் சோறு கிடைக்காது என்ற கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "பாடாத நாள்ல மட்டும் கெடச்சுதாம்மா எங்களுக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டேப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். பாதி நாட்கள் நீயும் வந்திருக்கிறாய். வசந்தா உனக்குத் துணித்துண்டுகளில் பொம்மை செய்து கொடுத்துக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்விடுவாள். அவளுக்கு அப்பாவின் பாட்டு பிடிக்காது. "அவரு பாட ஆரம்பிச்சா வூட்ல பேஜாருதான்க்கா. எங்கம்மா உயிரோட இருக்கசொல்ல தினம் சண்டை. மூச்சு இருக்கறதே கொஞ்சம், அத்தயும் பாட்டுல விடறியேன்னு கத்தும்" என்பாள். ஐயாவுக்குச் சில நாள் ஒரு பாட்டு முழுசாக வரும். சில நாள் பல்லவியோடு நின்றுவிடும். நான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஒருநாள் கேட்டார், "இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?" "பத்திரமா வெச்சிருப்பேன் ஐயா" என்றேன். "அவ்ளோதானா?" "அவ்ளோதான்." என் கையிலிருந்த சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு, "அதுவே பெருசு" என்றார்.

காவிரித் தண்ணீருக்காக ஊர் கொதித்த அந்த டிசம்பரை நீ எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாய் என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் நினைவு வந்துவிடுமோ என்று பயம். நம் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தெரு முனையில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. உங்கப்பா எழுந்து கதவைத் திறந்து பார்த்தார். கதவைச் சாத்தியபோது அவர் முகம் வேறாக இருந்தது. நான் நேரே கட்டிலுக்கு அடியில் குனிந்து டிரங்குப் பெட்டியின் பிடியைப் பிடித்தேன். இழுத்தேன். கனம். உங்கப்பா, "புள்ள எங்க?" என்று மட்டும் கேட்டார். அதட்டக்கூட இல்லை. நீ கதவுக்குப் பின்னால் சோற்றுக் கையோடு நின்றுகொண்டிருந்தாய். பிடியை விட்டேன். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சாவித்திரம்மா நின்றுகொண்டு, "பன்னி, ஒளகே பன்னி, பேக" என்று, சீக்கிரம் உள்ளே வரச் சொல்லிக் கன்னடத்தில் கூப்பிட்டுக் கையை நீட்டினாள். முதலில் உன்னைத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு நாங்கள் ஏறிக் குதித்தோம். அவள் சமையலறையில் நம்மை உட்கார வைத்து, வாசல் திண்ணையில் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். யாரோ வந்து கேட்டதற்கு, "இல்லி நாவே இரோது" என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது. இங்கே நாங்கள்தான் இருக்கிறோம் என்றாள். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. துணி எரிகிற வாசனை, மர வாசனை, அதற்குப் பிறகு கேசட் எரிகிற வாசனை. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா நாத்தம்?" என்று கேட்டாய். நான் உன் தலையை மடியில் அழுத்திக்கொண்டேன்.

உயிரோடு இருந்தோம். அது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். இரண்டு கையும் நிறைந்திருக்கும்போது எதையாவது விட வேண்டி வந்தால், விட்டதற்காகப் பிற்பாடு உன்னையே திட்டிக்கொள்ளாதே மலர். நான் திட்டிக்கொண்டதில்லை. அந்தப் பிடியின் குளிர்ச்சி மட்டும் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கேசட்டுகள் இல்லை. எல்லாம் உருகி ஒரே கறுப்புக் கட்டியாக இறுகியிருந்தது. ஒரே ஒரு சீட்டு மட்டும் எரியாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவருடையது என்று படிக்க முடியவில்லை. அதனால் ஒரு அம்மாவாக உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான புத்திமதி இதுதான்: எதைச் சேர்த்தாலும் இன்னொரு பிரதி எடுத்து வேறொருவர் வீட்டில் வை. உனக்கு வேண்டாதவர் வீடாக இருந்தாலும் பரவாயில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் ஜீவனஹள்ளிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வதந்தி போயிருந்தது. வசந்தா பயந்துபோய், அப்பாவைக் காய்கறி லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு அத்திபெலே தாண்டி ஓசூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். லாரியில் பனிக்காற்று. பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார். வசந்தா தனியாகத் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "கடைசியா உங்களத்தான்க்கா கேட்டாரு. அந்தம்மா டேப்பு பத்திரமா இருக்குதான்னு. இருக்குதுப்பான்னு சொன்னேன்" என்றாள். டேப் எரிந்துபோனதை நான் அவளிடம் உடனே சொல்லவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "அப்போ அப்பா நெஜமாலுமே செத்துட்டாரு" என்றாள்.

வசந்தாவுக்கு வார்த்தைகள் தெரியும், மெட்டு வராது. எனக்கு மெட்டு தெரியும், குரல் வராது. நான் வாழ்நாளில் வாய்விட்டுப் பாடியதில்லை. உன்னைத் தூங்க வைத்ததுகூட டேப்தான். வேறு யாரிடமாவது ஒரு பிரதி இருக்காதா என்று தேட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மறுபடியும் கேசட் மூட்டைகளைக் கிளறினேன். தங்கவயலுக்குப் போய், அவர் இருந்த லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். தெரிந்தவர்கள் பலர் அவரைப் போலவே இருமி இருமிப் போயிருந்தார்கள். அப்படித் தேடியதில் வேறு பலர் கிடைத்தார்கள். கிறிஸ்துவக் கீர்த்தனை கட்டிய தபால்காரர் ஒருவர், முருகன் மேல் வர்ணம் எழுதிவிட்டு யாரிடமும் காட்டாமல் இருந்த டீச்சரம்மா ஒருத்தி. டிரங்குப் பெட்டிக்குப் பதில் அலமாரியே நிறைந்தது. நீ கல்லூரியிலிருந்து வரும்போதெல்லாம், "இன்னும் எத்தனை பேரும்மா?" என்பாய். ஒருவரைத் தேடித்தான் இத்தனை பேர் வந்தார்கள் என்று உனக்குச் சொன்னதில்லை.

பிறகு மில்லை மூடினார்கள். உங்கப்பா போனார். காதும் மெல்ல மெல்லப் போனது. மெஷின் பக்கத்தில் நின்ற எங்கள் எல்லோருக்கும் போனது. அலமாரியில் கேசட்டுகள் இருந்தன, கேட்க முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சாவித்திரம்மா வீட்டில் ரேடியோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: ரேடியோ எனக்கு எங்கே கேட்கிறது? ஆஹிரி. அவர் குரல். விரல் பலகையில் தட்டுகிறது. சரணம் தொடங்கும் இடத்தில் இருமினார். இருமிவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். நீ அழைத்துப் போன டாக்டர் தாளில் எழுதிக் காட்டினாரே, காது கேட்காமல் போனவர்களுக்கு மூளை தானாகவே பாட்டுப் போட்டுக்கொள்ளும் என்று. அவர் சொல்வது சரியாகவே இருக்கட்டும். எனக்கு அன்றைக்குப் பயம் வரவில்லை. எரிந்தது எரியவில்லை என்று தோன்றியது. நாள் முழுக்கப் பாடினார். குளிக்கும்போது பாடினார், வரிசையில் நிற்கும்போது பாடினார். இருமல் வரும்போது என் கை தானாகச் சொம்பைத் தேடும். சாவித்திரம்மா பார்த்தது அதைத்தான்.

போன வருடம் வசந்தா ஆள் அனுப்பினாள். இப்போது அவள் ஹெப்பகோடியில் இருக்கிறாள். அவளோடு தைக்கும் ஒரு பெண்ணின் மாமனார் தங்கவயல்காரர். அவர் இறந்த பிறகு சாமான்களை ஒழித்தபோது ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. சங்கத்தில் எத்திராஜ் ஐயா பாடியது. முதல் பாட்டே "விளக்கணைந்த பின்னே." காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ரொம்ப தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. குரல் அவர் குரல்தான். ஆனால் பாட்டு அது இல்லை. "வெளிச்சம்" என்ற சொல்லில் அவர் கீழே இறங்குகிறார், ஒரு ஆள் சுரங்கத்துக்குள் இறங்குவதுபோல. எனக்குள் அந்தச் சொல் மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கிறது. என் காதுதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, கையை ஏற்றி இறக்கி வசந்தாவுக்குக் காட்டினேன். அவள் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். என்னை வாய்விட்டு முனகச் சொன்னாள். அவள் முன்னால் முனகினேன், என்ன சத்தம் வந்ததோ தெரியாது. அவள் என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள். "அப்பா எறங்கறாருக்கா. நீங்க ஏறறீங்க. நீங்க பாடறது அப்பா பாட்டு இல்ல." "அப்போ யார் பாட்டு?" என்று கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

எத்தனையோ வருடமாக நான் காப்பாற்றி வைத்திருந்தது எது மலர்? எங்கேயோ, எப்போதோ, எனக்குத் தெரியாமலே நான் ஒரு சொல்லை நகர்த்தியிருக்கிறேன். அவர் குரலையே எடுத்து, அவர் கட்டாததைப் பாட வைத்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டை வசந்தா ஒரு பாட்டு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரதிகள் எடுத்தாயிற்று, என்னிடம் ஒன்று, சாவித்திரம்மாவிடம் ஒன்று. டீச்சரின் மாணவி ஒரு பெண், போன மாதம் அந்தப் பாட்டை மேடையில் பாடினாள். கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சின்ன மண்டபம். ஜீவனஹள்ளியிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். இயற்றியவர் எத்திராஜ் என்று அறிவித்தபோது வசந்தா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அதனால்தான் அறிவித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு முதல் வரிசை. அந்தப் பெண் வாய் திறந்ததும் எனக்குள் இவர் தொடங்கிவிட்டார். அவள் உதடு ஒரு சொல்லில் இருக்கும், இவர் இன்னொரு சொல்லில் இருப்பார். நிறுத்துங்க ஐயா, இன்னிக்கு ஒரு நாள் நிறுத்துங்க, உங்க பாட்டைக் கேக்கணும் என்று கெஞ்சினேன். நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து, எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்தேன். அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து அவர் பாடியதைப் பதிவு பண்ணியவள் நான்தான் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அந்த உதடுகளை என்னால் படிக்க முடிந்தது. நான் தலையாட்டினேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். வசந்தா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். சத்தமில்லை. சோறு பொங்கினேன், சாப்பிட்டேன், படுத்தேன். இருமல் இல்லை, தட்டல் இல்லை. அவர் பாட்டு அவருக்குத் திரும்பிப் போய்விட்டது, அதனால் என்னை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நிஜமாகவே அழுதேன். மூன்றாம் நாள் துணி உலர்த்தும்போது மறுபடி தொடங்கியது. அதே வார்த்தைகள். "வெளிச்சம்" மேலே ஏறி நின்றது. ஆனால் பாடியது அவர் இல்லை. ஒரு பெண். வயதான குரலும் இல்லை, சின்னக் குரலும் இல்லை. மேடையில் பாடிய பெண் இல்லை. அவளை நான் கேட்கவே இல்லையே. அலமாரியில் இருக்கும் பாடகிகள் ஒவ்வொருவரையும் நினைத்து நினைத்துப் பார்த்தேன், யாருமில்லை. இந்தக் குரலை நான் எங்கேயும் கேட்டதில்லை மலர். இருமாமல் பாடுகிறது. தண்ணீர் கேட்பதில்லை. சாவித்திரம்மாவைக் கேட்டுப் பார், இப்போது நான் யாரோடும் பேசுவதில்லை.

ஒரே ஒரு குரலைத்தான் என்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. என் குரல் பாட்டில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் காது இல்லை. நீ புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் வந்து இரு. டாக்டரிடமும் போகலாம், மாத்திரையும் வாங்கலாம், நான் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலை என் எதிரில் உட்கார். அந்தப் பெண் பாடும்போது நானும் வாயைத் திறந்து கூடவே பாடிப் பார்க்கிறேன். எப்படி இருந்தாலும் சிரிக்காதே, அழாதே. கேட்டுவிட்டு, உதடு தெரிகிற மாதிரி சொல், அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்று.

உன் அம்மா